ஒரு சொட்டு சொல்யூஷன்

ஆம்பூர்
24.8.2025, ஞாயிறு

அன்பு மருமகள் சௌந்தர்யாவுக்கு,

இருதயராஜ் மாமா எழுதிக்கொள்வது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பக்கத்து வீட்டு அஃப்ரோஸ் பெரிய இடத்துக்குப் போவாள் என்று சொன்னேன். அதற்குக் குறுக்கே சின்னப் பொருள் ஒன்று வந்து நிற்கும் என்று சொன்னேன். கடைசியில் அது உன்னிடம்தான் வந்து முடியும் என்றும் சொன்னேன். மூன்றும் நடந்துவிட்டது. தேதி ஒன்றுதான் நான் சொல்லவில்லை, அதையும் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இங்கே எல்லோரும் சுகம். பாலாற்றில் தண்ணீர் இல்லை. நீ இருக்கும் இடத்தில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று கேள்வி. வேளைக்குச் சாப்பிடு.

அஃப்ரோஸை உனக்கு நினைவிருக்கும். நீ காட்பாடியில் காலேஜ் படித்தபோது அவள் எட்டாவது. இப்போது ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருக்கிறாள். சென்னையில் ஷூ டிசைன் பள்ளி ஒன்று இருக்கிறதாம். கம்பெனியில் வேலை செய்யும் பெண்களில் வருஷத்துக்கு ஒருத்தியை எடுத்து, தங்க இடமும் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். அதற்கு ஒரு ஜோடி ஷூவைத் தோல் வெட்டுவதிலிருந்து கடைசி வரை தன் கையால் செய்து, அதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். செப்டம்பர் பத்து கடைசித் தேதி.

அவள் அத்தை ஜஹீருன்னிசாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது பாதம் ஒன்றரை இஞ்ச் கம்மி. அந்தக் காலுக்குத்தான் செய்தாள். பதினொரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் குர்ஷித் அவளுக்குச் சித்தப்பா மகன், அவன் கேமரா கொடுத்தான். முடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு போய்விட்டான், மெமரி கார்டை மட்டும் விட்டுவிட்டான். அத்தை அந்த ஷூவைப் போட்டுக்கொண்டே உம்ராவுக்குப் போய்விட்டார்கள். ஆக, ஷூ மக்காவில் நடக்கிறது. வீடியோ கார்டில் இருக்கிறது. மறுபடி எடுக்க ஷூவும் இல்லை, அதே தோலும் இல்லை, பதினொரு ஞாயிறும் இல்லை.

கார்டை மக்பூல் அகமதுவின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவன் கம்ப்யூட்டர் என் கல்யாணத்துக்கு முந்தியது. “இன்னாமா, பார்மட் பண்ணணும்னு கேக்குது. எல்லாத்தையும் அழிச்சுட்டு ஃபிரஷ்ஷா தரட்டுமா?” என்றானாம். “அழிக்கிறதுக்கா பாய் உங்ககிட்ட கொண்டுவந்தேன்?” என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனி அந்தக் கார்டை யார் கையிலும் தர மாட்டேன் என்றாள்.

நான் கூப்பிட்டுச் சொன்னேன்: “என் மருமகள் கப்பலையே கம்ப்யூட்டரில் ஓட்டுகிறாள். நகம் அளவு கார்டு அவளுக்கு எம்மாத்திரம்? கொடு.” கொடுத்துவிட்டாள்.

நீ பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெங்குவின் படம் போட்ட உன் லினக்ஸ்தான் ஓடுகிறது. பேட்டரி செத்துவிட்டது, ஒயரில் உயிரோடு இருக்கிறது. நாற்பது பேர் சூழ்ந்து நிற்க, கார்டைச் சொருகினேன். ஒன்றும் வரவில்லை. கார்டு போட்டதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை.

கப்பலில் போன் எடுக்காது, படம் போகாது, ஈமெயிலில் எழுத்து மட்டும்தான் போகும் என்று சொல்லியிருக்கிறாய். அதனால் நீ கேள், நான் கண்ணால் பார்த்ததை எழுத்தில் வைக்கிறேன். அதில் எனக்கு நிகர் இந்தத் தெருவில் கிடையாது.

அன்பு மாமா,
இருதயராஜ்


வடகடல், கப்பலில்
27.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கப்பல் கொஞ்சம் ஆம்பூர் பக்கம் திரும்பியது போல இருந்தது. ஆனால் மாமா, கப்பலை நான் ஓட்டவில்லை. கடலடியை அளக்கிற கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். தயவுசெய்து தெருவில் திருத்திச் சொல்லுங்கள். நாற்பது பேர் என்றீர்கள். என் அண்ணன் சொல்வதை நாலால் வகுத்துக்கொள் என்று அம்மா சொல்வார்கள். பத்துப் பேர் என்று வைத்துக்கொள்கிறேன். அறையில் அதற்கும் இடம் இல்லையே.

பதினொரு ஞாயிறு என்பதை மட்டும் நான் வகுக்கவில்லை. அந்த அஃப்ரோஸ் பெண்ணா? ரெட்டைப் பின்னலோடு எங்கள் வீட்டுக்கு வந்து மவுஸைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடுவாளே.

முதலில் ஒன்று. யார் பார்மட் என்று சொன்னாலும் கார்டைக் கொடுக்க வேண்டாம். அவள் பிடுங்கிக்கொண்டு வந்தது மிகச் சரி. முடிந்தால் வேறு யாருடைய புது லேப்டாப்பிலாவது போட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலையாக இருக்கலாம்.

இல்லையென்றால் நாம் பார்ப்போம். இதில் இரண்டு கேள்வி இருக்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது. கார்டு உள்ளே வந்திருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா என்பது ஒன்று. தெரிந்தாலும் அதைத் திறந்து படிக்க முடிகிறதா என்பது இன்னொன்று. திறந்து ஒரு இடத்தில் ஏற்றி வைப்பதைத்தான் மவுண்ட் என்கிறோம். மவுண்ட் ஆகாத கார்டு கெட்டுப்போன கார்டு என்று அர்த்தமில்லை.

கறுப்பு ஜன்னலைத் திறந்து lsblk என்று அடியுங்கள். கார்டு இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை. புதிதாக ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். பிறகு dmesg என்று அடித்தால் கம்ப்யூட்டர் தனக்குள் முணுமுணுத்ததெல்லாம் வரும். கடைசி நாலைந்து வரி எனக்கு வேண்டும். எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும் மாமா. அழகுபடுத்தாதீர்கள்.

அன்புடன்,
சௌந்தர்யா


ஆம்பூர்
30.8.2025, சனி

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். “மவுண்ட் ஆகாத கார்டு கெட்டுப்போன கார்டு இல்லை” என்ற இடத்தில் அஃப்ரோஸ் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த வரிய இன்னொரு தடவ படிங்க மாமூ” என்றாள். படித்தேன். மூன்று தடவை.

வேறு லேப்டாப் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நீ இருக்கும்போது வெளியே போவது குடும்பத்துக்கு அழகில்லை.

மவுண்ட் என்று நீ எழுதியதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது நம்ம லாஸ்டிங். தைத்த மேல்தோல் மேசையில் துணி மாதிரி கிடக்கும். கால் வடிவக் கட்டை மேல் இழுத்து ஏற்றினால்தான் அது ஷூ என்று கண்ணுக்குத் தெரியும். தோல் இருக்கிறது, கட்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான் நம் கதை. முப்பது வருஷம் லாஸ்டிங்கில் இருந்தவனிடம் இதை நீ முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு கடிதம் மிச்சமாகியிருக்கும்.

நீ சொன்னதை அடித்தேன். கார்டு போட்டதும் புது வரி வந்தது. அதில் 59.5 என்று இருக்கிறது. கார்டின் மேல் 64 என்று அச்சடித்திருக்கிறது. மீதி நாலரையை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. மக்பூலைக் கேட்கலாமா?

இரண்டாவதையும் அடித்தேன். கம்ப்யூட்டர் மிகவும் வருந்தி, ஐயா, எனக்கு இந்தக் கார்டோடு பழக்கமில்லை, மன்னிக்கவும் என்று சொன்னது. நீ திட்டுவாய் என்பதால் அதன் வாயால் சொன்னதையே எழுதுகிறேன்: அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப், எக்ஸ்ஃபேட்.

கார்டு சின்னது. பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துத்தான் சொருகுகிறோம். அந்த உறைக்குள் கொஞ்சம் ஆடுகிறது, இரண்டு தடவை அந்தப் புது வரி மறைந்து மறைந்து வந்தது. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ஆட்டம் இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

அன்பு மாமா,
இருதயராஜ்


வடகடல், கப்பலில்
2.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

லாஸ்டிங் என்று நீங்கள் சொன்னதை இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களுக்குச் சொன்னேன். எட்டு வருஷமாக மவுண்ட் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றார்கள். இதை நீங்கள் நாலால் பெருக்கிக்கொள்ளலாம்.

நாலரையை யாரும் எடுக்கவில்லை. கார்டு செய்கிறவர் எண்ணும் கணக்கு வேறு, கம்ப்யூட்டர் எண்ணும் கணக்கு வேறு. மக்பூல் அண்ணனை விட்டுவிடுங்கள்.

நல்ல செய்தி மாமா. கார்டு உயிரோடு இருக்கிறது. பெரிய கார்டுகளில் இந்த எக்ஸ்ஃபேட் என்ற முறையில்தான் எழுதுவார்கள். என் லேப்டாப்பின் லினக்ஸ் பதினொரு வருஷப் பழசு, அதற்கு இந்த முறை படிக்கத் தெரியாது. தெலுங்குக் கடிதத்தைத் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தது போல. கடிதத்தில் தப்பில்லை, படிக்கிறவரிடமும் தப்பில்லை.

இதற்குச் சின்னச் சொல்யூஷன் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கார்டு தானாக மவுண்ட் ஆகிவிடும். இந்தக் கடிதத்தோடு நாலு வரி தனியாக அனுப்பியிருக்கிறேன். போனிலிருந்து நெட் கொடுத்து, ஒவ்வொரு வரியாக அடியுங்கள். பழைய லினக்ஸின் மென்பொருள் கிடங்கு இடம் மாறிவிட்டது, முதல் வரி அதன் புது முகவரி. மற்ற மூன்றும் எக்ஸ்ஃபேட் படிக்கக் கற்றுக்கொடுக்கும். அடிக்கும்போது கார்டு வெளியே இருக்கட்டும்.

அஃப்ரோஸிடம் நாளைக்கே வீடியோவைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சௌந்தர்யா


ஆம்பூர்
4.9.2025, வியாழன்

அன்பு மருமகளுக்கு,

நலம். நீ சொன்னபடி இரண்டும் செய்தேன். நாலு வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் அடித்தேன். நிறைய வரி ஓடி, கடைசியில் சத்தமில்லாமல் நின்றது. நல்லபடியாக முடிந்தது என்றே நினைக்கிறேன். சொல்யூஷனும் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் உன் கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு படித்து, எந்தக் கடலுக்குப் போனாலும் பிள்ளை கடைசியில் நம் ஊர் சொல்யூஷனிடம்தானே வந்து நிற்கிறாள் என்று. நல்ல சரக்கு, கம்பெனியில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவது. உறையைத் திறந்து, கார்டின் அடியில் ஒரு சொட்டு விட்டு, அழுத்திப் பிடித்தேன். ஆட்டம் நின்றுவிட்டது. பாறை மாதிரி இருக்கிறது.

ஆனால் இப்போது கார்டைச் சொருகினால் அந்த 59.5 வரியே வரவில்லை. முன்னே கட்டையில் ஏறாத தோல், இப்போது மேசையிலேயே காணோம். இது எதனால்?

சாயந்திரம் அஃப்ரோஸ் வேலை விட்டு வந்தாள். உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

“மாமூ, இதுல சொல்யூஷனா போட்டிருக்கு?”

“ஆமாம்மா. ஒரு சொட்டுதான்.”

“யார் போடச் சொன்னாங்க?”

“சௌந்தர்யாதான் எழுதினாள்” என்று உன் கடிதத்தைக் காட்டினேன். படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

“அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டீ வைத்திருந்தேன், குடிக்கவில்லை.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அடுத்து என்ன என்று எழுது.

மாமா,
இருதயராஜ்


வடகடல், கப்பலில்
5.9.2025

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேல்தளத்துக்குப் போய் நின்றுவிட்டேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

நான் சொன்ன சொல்யூஷன் அது இல்லை மாமா. ‘வழி’ என்று எழுதியிருக்க வேண்டும். நாலு வரிதான் அந்த வழி. இங்கே எல்லோரும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்யூஷன், சொல்யூஷன் என்கிறார்கள், நானும் சொல்கிறேன். எட்டு வருஷத்தில் நம் ஊரில் அது ஒரு டப்பா, ஒரு பிரஷ், ஒரு வாசனை என்பது என் தலையிலிருந்து போயே போய்விட்டது. ஆம்பூரில் பிறந்த பெண், ஆம்பூரில் லாஸ்டிங் பார்த்த மாமாவுக்கு, சொல்யூஷன் போடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் மேல் துளியும் தப்பில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

கார்டின் பின்பக்கம் பொன் நிறத்தில் எட்டுக் கோடு இருக்கும். கம்ப்யூட்டர் அதன் வழியாகத்தான் பேசும். சொல்யூஷன் அதன் மேல் படர்ந்திருக்கும். கார்டுக்குள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்புகிறேன். கத்தியால் சுரண்டாதீர்கள். எதிலும் முக்காதீர்கள். காய்ந்த சொல்யூஷனை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது, இந்தக் கப்பலில் யாருக்கும் தெரியாது. அது தெரிந்த ஆள் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அவள் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

அஃப்ரோஸுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அஃப்ரோஸ், அக்காவை மன்னித்துவிடு. உன் பதினொரு ஞாயிறை ஒரே வார்த்தையில் ஒட்டிவிட்டேன்.

சௌந்தர்யா


ஆம்பூர்
8.9.2025, திங்கள்

அன்பு மருமகளுக்கு,

கார்டு ஏறிவிட்டது. வீடியோ போய்விட்டது. முதலில் இதை எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே அஃப்ரோஸ் வந்தாள். ஜன்னலோரம் வெள்ளைக் காகிதம் விரித்து உட்கார்ந்தாள். தின்னர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

“தின்னர் பட்டா பிளாஸ்டிக் உருகிடும் மாமூ. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க.”

“அதில்லம்மா, ஒரு துளி பஞ்சுல தொட்டு…”

“பேசாதீங்க மாமூ. உங்க மூச்சு இது மேல படுது.”

இந்தத் தெருவில் என்னைப் பேசாதே என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். பேசாமல் உட்கார்ந்தேன்.

தோல் சீவும் கத்தியை உறையின் விளிம்பில் வைத்தாள். உறை மட்டும் இரண்டாகப் பிளந்தது, கார்டின் மேல் கத்தி படவே இல்லை. அப்புறம் பையிலிருந்து கிரேப் உருண்டையை எடுத்தாள். உனக்கு இப்போது எல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது: ஷூவில் வழிந்த சொல்யூஷனை எடுக்க ஃபினிஷிங்கில் வைத்திருப்பார்களே, காய்ந்த ரப்பர் உருண்டை, அது. அதிலிருந்து மிளகு அளவு கிள்ளி, விரல் நுனியில் வைத்து, ஒரே திசையில் உருட்டினாள். தேய்க்கவில்லை, உருட்டினாள். சொல்யூஷன் நூல் நூலாகச் சுருண்டு வந்தது. ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் இரண்டாவது. எட்டும் தெரிய ஒன்றே கால் மணி நேரம் ஆனது. இதை நாலால் வகுக்காதே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புது உறை வாங்கி வந்து, நானே சொருகினேன். இல்லை, அவள்தான் சொருகினாள். நீ சொன்னதை நான் அடித்தேன். 59.5 வந்தது. அடுத்த மூச்சில், நாம் ஒன்றும் செய்யாமலே, திரையில் கார்டின் படம் வந்து உட்கார்ந்தது. உன் நாலு வரி வேலை செய்துவிட்டது. அந்தப் பழைய லேப்டாப் ஒரே நாளில் புது மொழி கற்றுக்கொண்டுவிட்டது. நீ ஒரு கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதைச் செய்தாய். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு நிமிஷ வீடியோ. பார்த்தேன் சௌந்தர்யா. இடது பாதம் சின்னது என்றால் நாங்களெல்லாம் சின்ன ஷூ செய்வோம். ஜோடி போட்டால் ஒன்று குழந்தை மாதிரி நிற்கும். இவள் இடது ஷூவில் முன் தையலை அரை விரல் பின்னால் தள்ளி, விரல் பக்கத்துத் தோலை ஒரு மடிப்பு கூட்டி, உள்ளே கார்க் வைத்திருக்கிறாள். கடைசியில் அத்தை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு காலும் ஒரே அளவு. எந்தக் கால் எது என்று முப்பது வருஷம் லாஸ்டிங் பார்த்த எனக்குத் தெரியவில்லை. நான் இதைச் செய்திருப்பேன் என்று எங்கேயும் சொல்ல மாட்டேன். செய்திருக்க முடியாது.

லேப்டாப்பில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துவிட்டு, போன் நெட்டிலேயே அனுப்பினாள். மத்தியானம் ஆரம்பித்து நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

உன் அம்மா ஒடுகத்தூரிலிருந்து நேற்று பஸ் ஏறி வந்திருந்தாள், ஒரு பை வேர்க்கடலையோடு. நடந்ததெல்லாம் கேட்டாள். உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தது:

“சௌந்தர்யா, அம்மா. மாமா எல்லாம் சொன்னாரு. சொல்யூஷன்னா இன்னான்னு மறந்துட்டியா பாப்பா. உங்கப்பா சட்டையில ஒட்டிக்கினு வர்றத கல்லுல தேச்சுத் தேச்சு என் விரல் தோலே போச்சு. நீ பக்கத்துல உக்காந்து வாய்ப்பாடு சொல்லிக்கினு இருப்ப. சரி விடு. வேளைக்குச் சாப்புடு.”

மாமா,
இருதயராஜ்


வடகடல், கப்பலில்
24.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை என்று சொல்லலாம், வேலை மட்டும் இல்லை.

அஃப்ரோஸின் விரலை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது. இங்கே கெட்டுப்போன கார்டைச் சரிசெய்ய ஒரு அறை நிறையக் கருவி இருக்கிறது. மிளகு அளவு ரப்பர் இல்லை. அவளுக்கு இடம் கிடைக்கும். இதை நானும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், உங்கள் மருமகள்தானே.

அம்மாவின் வரியைப் பல தடவை படித்தேன். கோபமாகச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அப்பா போனபிறகு அந்தச் சட்டைகளை அம்மா எடுத்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். அந்த வாசனை எனக்கும் தெரியும் மாமா. வாசனை இருக்கிறது, வார்த்தைதான் எங்கோ போய்விட்டது. இப்போதெல்லாம் எதை எழுதினாலும் இது ஊரில் வேறு ஏதாவதாக இருக்குமோ என்று நின்று பார்க்கிறேன். இந்தக் கடிதத்தையே மூன்று தடவை திருத்தினேன்.

டிசம்பரில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன், உங்களுக்கும் தெரியும். டிக்கெட் இன்னும் போடவில்லை. இங்கே மார்ச் வரை நீட்டிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாமா என்று இருக்கிறது. வந்து, சொந்த ஊரில் விருந்தாளி மாதிரி ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டு, அம்மா அதைப் பார்த்துக்கொண்டு… இன்னொரு வருஷம் போகட்டும் என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை, அக்டோபர் மூன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் பக்குவமாக நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும்.

அன்புடன்,
சௌந்தர்யா


ஆம்பூர்
28.9.2025, ஞாயிறு

என் அன்பு மருமகள் சௌந்தர்யாவுக்கு,

அஃப்ரோஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. நவம்பரில் சென்னைக்குப் போகிறாள். நான் அன்றைக்கே சொன்னேன் என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். நாலு பேர்தான். போனில் அவளை ஒரே கேள்வி கேட்டார்களாம்: இடது ஷூவில் தையலை ஏன் தள்ளினாய் என்று. “எங்க அத்தை ஃபோட்டோ எடுத்தா எப்பவும் காலை மறைச்சுக்குவாங்க, இனிமே மறைக்க வேணாம்னுதான்” என்றாளாம்.

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வாய் வரவில்லை. இது புது அனுபவமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தை வியாழக்கிழமை அஃப்ரோஸிடம் போய்ச் சொன்னேன். வாசற்படியில் நின்று சொன்னேன், உள்ளே வரச் சொன்னாள், போகவில்லை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, “தெரியும் மாமூ” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அக்காவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பெண் உன்னை ஒரு இடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தை மக்காவிலிருந்து திரும்பி வந்து கேட்டபோதும், “சௌந்தர்யா அக்கா தெரியாம எழுதிட்டாங்க, பாவம், எவ்ளோ தூரத்துல இருக்காங்க” என்றுதான் சொன்னாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தலையை ஆட்டினேன். உன் அம்மா வந்து கேட்டாள். அவளிடமும் அதே கதையைச் சொன்னேன், நன்றாகவே சொன்னேன், கை கால் வைத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் வேர்க்கடலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உரித்துக்கொண்டே இருந்தாள், ஒன்றையும் வாயில் போடவில்லை. அப்புறம்தான் அந்த வரியைச் சொன்னாள். நான் என் கையால் அடித்தேன். ‘மறந்துட்டியா’ என்ற வார்த்தையில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது, அழித்துச் சரியாக அடித்தேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

நீ எதையும் மறக்கவில்லை. டிக்கெட்டைப் போடு. உன் அம்மாவிடம் இன்றைக்கே போய்ச் சொல்லப்போகிறேன், ஒடுகத்தூர் பஸ் பன்னிரண்டு மணிக்கு. அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

கார்டு உறைக்குள் ஆடியது. தொட்டால் அந்த வரி மறைந்தது. அஃப்ரோஸ் கார்டை நம்பி என் கையில் கொடுத்திருந்தாள், உன் பதிலோ வரவில்லை, சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அலமாரியில் டப்பா இருந்தது. ஒரு சொட்டு என்று எழுதியதும் பொய், மூன்று சொட்டு. போட்ட பிறகு கார்டு செத்துவிட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது உன் கடிதம் வந்தது, அதில் அந்த வார்த்தை இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தில் எதையும் நாலால் வகுக்க வேண்டாம். உன் அந்தக் கடிதம் இங்கே வந்தது செவ்வாய்க்கிழமை. நான் சொல்யூஷன் போட்டது திங்கட்கிழமை.

உன் மாமா,
இருதயராஜ்